நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எடோகாவா வார்டில், நிஷி-காசாய் என்று ஒரு பகுதி. தோசாய் லைன் ரயிலில் ஏறினால் ஓட்டேமாச்சியின் வங்கி அலுவலகங்களுக்கு இருபது நிமிஷத்துக்குள் போய்விடலாம். 2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறைச் சரிசெய்ய வரவழைக்கப்பட்ட இந்திய இன்ஜினியர்கள் இந்த ரயிலை நம்பித்தான் இங்கே வீடு பிடித்தார்கள். அரசு சார்ந்த யூஆர் வாடகைக் குடியிருப்புகள் இன்னொரு காரணம். அங்கே ஜாமீன் போட ஆள் கேட்கமாட்டார்கள். வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத முன்பணம் அழ வேண்டியதில்லை. எந்த நாட்டுக்காரர் என்று பார்த்து முகம் சுளிக்கவும் மாட்டார்கள். அந்த மாடிகளுக்குக் கீழே உள்ள பூங்காவில் சாயங்காலம் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் எதிர்ப்பட்டால், விசா பேச்சு முடிந்த கையோடு பள்ளிக்கூடப் பேச்சு தொடங்கிவிடும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆறு வயது வரைக்கும் பாடத்திட்டத்தைப் பார்க்காதீர்கள், தெருவைப் பாருங்கள். குழந்தை நடந்து போய் வரக்கூடிய இடம், கூடப் படிக்கிற பிள்ளைகள் பக்கத்துப் பிளாக்கில் இருக்கிற இடம், அது போதும். கேட்பவர்களில் பாதிப் பேர் இதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. தூத்துக்குடியிலிருந்து தினமும் போன் செய்யும் என் அம்மாவும் அப்படித்தான். "அதெல்லாம் சரி, என்ன சிலபஸ்?" என்பாள்.

இங்கே ‘இன்டர்நேஷனல் ஸ்கூல்’ என்ற பெயருக்குச் சட்டத்தில் வரையறை கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். நூற்றாண்டு கடந்த பள்ளிகள் உண்டு. யோகோஹாமாவில் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய செயின்ட் மோர் 1872-இலிருந்து நடக்கிறது. டோக்கியோவின் அமெரிக்கன் ஸ்கூல் 1902-இல் தொடங்கியது. ரயில் நிலையத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில், இரண்டு அறையும் நான்கு ஆங்கிலப் பாட்டும் வைத்துக்கொண்டு மாதம் லட்சம் யென்னுக்கு மேல் வாங்கும் ‘இன்டர்நேஷனல் ப்ரீஸ்கூல்’களும் உண்டு. பலகையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

பெரிய பள்ளிகளில் பெரும்பாலானவை ஜப்பானியக் கல்விச் சட்டத்தின் முதல் பிரிவில் வரும் முழுப் பள்ளிகள் அல்ல. டிரைவிங் ஸ்கூல், தையல் பள்ளி வகையறாவோடு சேர்த்து ‘பலவகைப் பள்ளி’ என்ற தலைப்பில் பதிவாகியிருப்பவை. கேட்கச் சிரிப்பு வரும். விளைவுகள் சிரிக்கிற மாதிரி இல்லை. 2019 அக்டோபரிலிருந்து மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாலர் கல்வியை அரசு இலவசமாக்கியபோது, இந்தப் பலவகைப் பள்ளிகளின் மழலை வகுப்புகளை அதில் சேர்க்கவில்லை. ஜப்பானியக் குடியுரிமை உள்ள பிள்ளையை இவற்றில் சேர்த்தால், ஒன்பது வருடக் கட்டாயக் கல்வி நிறைவேறியதாகக் கணக்கு வைக்கமாட்டார்கள். நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. விரும்பினால் வார்டின் அரசுப் பள்ளிக்கு வரலாம், வந்தால் இலவசம், வராவிட்டால் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். அந்தத் தாராளத்தின் மறுபக்கத்தை 2019-இல் கல்வி அமைச்சகம் எடுத்த கணக்கு காட்டியது. எந்தப் பள்ளியிலும் இல்லாமல் போயிருக்கக்கூடிய வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏறக்குறைய இருபதாயிரம் பேர்.

கல்லூரியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வரி. 2003-இல் விதி மாறியது. ஏற்கெனவே அனுமதி இருந்த ஐபி (இன்டர்நேஷனல் பக்காலாரியட்) முடித்தவர்களோடு, அமைச்சகம் ஏற்கும் சர்வதேச அங்கீகார அமைப்புகளின் முத்திரை பெற்ற பள்ளிகளில் முடித்தவர்களும் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வயதுக் குழந்தைக்காக இதை விசாரிக்கும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு மூன்று வயதாகும்போது, மினாட்டோ வார்டில் பெயர் பெற்ற பள்ளி ஒன்றைப் பார்க்கப் போனோம். குறை சொல்ல எதுவுமில்லை. ஆசிரியை தரையில் மண்டியிட்டு, குழந்தையின் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துப் பேசினார். சின்னக் கோட் மாட்டும் கொக்கிகள் சரியான உயரத்தில் இருந்தன. வருடத்துக்கு 25 லட்சம் யென்னுக்கு மேல். சேர்க்கைக் கட்டணம், கட்டட நிதி, பஸ் தனி. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம்: கட்டணம் செலுத்துபவர் நிறுவனமா, பெற்றோரா? அந்தக் கட்டத்தில்தான் டோக்கியோவின் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு சாதியாகப் பிரிகிறார்கள். கம்பெனி பேக்கேஜில் வந்தவர்கள் ஒரு சாதி. உள்ளூரில் வேலை மாறி, உள்ளூர்ச் சம்பளம் வாங்குகிறவர்கள் இன்னொரு சாதி. நாங்கள் இரண்டாவது.

பணத்தை விட என்னை யோசிக்க வைத்தது மதியம் மூன்று மணி. பள்ளி விட்டதும் வாசலில் பஸ்கள் வரிசையாக நின்றன. ஒன்று மெகுரோ, ஒன்று செத்தகயா, ஒன்று கடலோரத்துப் புதுக் கோபுரங்கள். காலையிலிருந்து கட்டிப் புரண்ட பிள்ளைகள் ஐந்தே நிமிஷத்தில் ஊரின் நாலு மூலைக்கும் பிரிந்து போனார்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளை வீட்டுக்குப் போய் விளையாட வேண்டுமென்றால் இரண்டு அம்மாக்கள் இரண்டு வாரம் முன்பே காலண்டர் பார்த்து நாள் குறிக்க வேண்டும். திரும்பி வரும்போது என் கணவர் ரயிலில் ஒன்றும் பேசவில்லை. நிஷி-காசாய் வந்ததும், "நல்ல பள்ளிதான், ஆனா அங்க ஊர் இல்லையே" என்றார்.

அப்போது மகள் போய்க்கொண்டிருந்தது வார்டின் ஹொய்குஎன், அதாவது வேலைக்குப் போகும் பெற்றோருக்கான குழந்தைக் காப்பகம். பிளாக்கிலிருந்து தெரு முனை வரைக்கும் அவளே நடப்பாள். ஹொய்குஎன் கிடைப்பதற்குப் புள்ளிக் கணக்கு உண்டு. அப்பா முழுநேர வேலையா, அம்மா முழுநேர வேலையா, தாத்தா பாட்டி பக்கத்தில் இருக்கிறார்களா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். நான் சொந்த வேலை விசாவில் இருந்ததால் தப்பித்தேன். டிபென்டன்ட் விசாவில் வரும் பெண்கள் அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். புள்ளி குறையும், இடம் கிடைக்காது. அவர்களுக்கு மிச்சம் இருப்பது மதியம் இரண்டு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடும் யோச்சியென் என்ற மழலைப் பள்ளி, இல்லாவிட்டால் அந்த மூன்றாம் மாடி. நல்ல படிப்பும் உத்தியோகமும் விட்டு வந்த பெண்கள், குழந்தையின் பள்ளியாலும் வீட்டுக்குள்ளேயே கட்டிப்போடப்படுவதை இந்தப் பூங்காவில் தினமும் பார்க்கலாம். பள்ளித் தேர்வு என்று பேசும்போது இதை யாரும் பேசுவதில்லை.

ஹொய்குஎன்னில் எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டும். சட்டை, சாக்ஸ், பல்பிரஷ் சரி. டயப்பர் ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நானும் கணவரும் உட்கார்ந்து டயப்பர்களில் ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிராகானாவில் பெயர் எழுதுவோம். நான் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் போய் வரும். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாள், காலையில் காய்ச்சல் எவ்வளவு, வெளிக்குப் போனாளா, என்ன சாப்பிட்டாள் என்று நாங்கள் எழுத, பகலில் என்ன நடந்தது என்று அவர்கள் எழுதுவார்கள். ‘இன்று எறும்பு பார்த்தாள், நகர மறுத்துவிட்டாள்’ என்று ஒருநாள் வந்தது.

சாப்பாடுதான் பல குடும்பங்கள் வார்டுப் பள்ளிகளை விட்டு ஓடுவதற்குக் காரணம். ஜப்பானியச் சமையலில் சூப்புக்கும் குழம்புக்கும் அடித்தளம் தாஷி. அதில் பெரும்பாலும் கட்சுவோபுஷி இருக்கும். சூரை வகை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை மாதிரி காயவைத்து, சீவிப் போடுவது. தூத்துக்குடிக்காரி எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. அம்மா சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாட்டின் ஒன்றுவிட்ட தம்பி. மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததோடு எங்கள் பிரச்சினை முடிந்தது. மேல் மாடிக் குடும்பம் சுத்த சைவம். கீரையைக் கூட தாஷியில்தான் வேகவைக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த அக்கா பட்ட பாடு சொல்லி மாளாது. மாதத்தின் உணவுப் பட்டியலை வைத்துக்கொண்டு, எதெல்லாம் கூடாதோ அதையெல்லாம் சிவப்பு மையில் அடித்து, மிச்சமிருந்தது சோறும் பாலும் ஆரஞ்சுச் சுளையும். சமையல்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே டப்பா கொண்டுவர அனுமதி வாங்கிக் கொடுத்தார். எல்லா இடத்திலும் இப்படி வளைந்து கொடுப்பார்கள் என்று சொல்லமாட்டேன்.

ஆறு வயதில்தான் உண்மையான கேள்வி வந்தது. இங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். மேற்கத்தியப் பள்ளிகளுக்கு ஆகஸ்ட், செப்டம்பர். நம் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் ஏப்ரல்தான், அதனால் மாறுவதில் ஒரு வருடம் வீணாகாது. இந்தியர்கள் பெருகியதால் 2004-இல் கோத்தோ வார்டில் இந்தியா இன்டர்நேஷனல் ஸ்கூல் வந்தது, 2006-இல் எடோகாவா பக்கம் குளோபல் இந்தியன் வந்தது. ஆள் குடியேறிய இடத்துக்குப் பள்ளி தேடி வந்தது என்பதால் அங்கேயும் ஒரு தெரு இருக்கிறது. மேற்கத்தியப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், 2007 வாக்கில் ஜப்பானில் ‘இந்தியக் கணக்கு’ மோகம் கிளம்பி, ஜப்பானியப் பெற்றோரே இந்தியப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். இந்தியர்கள் எல்லோருக்கும் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் என்று நம்பினார்கள். ஹொய்குஎன் வாசலில் ஒரு ஜப்பானிய அம்மா என்னிடம் பதினேழு பதினெட்டு என்ன என்று கேட்டார். எனக்குப் பதினாறோடு சரி. கைப்பேசியை எடுக்காமல் சமாளித்தேன், எப்படி என்று கேட்காதீர்கள்.

மகளைச் சிபிஎஸ்இ-யில் சேர்த்தோம். கணவரின் கம்பெனி அந்த வருடம் எந்நேரமும் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பலாம் என்ற நிலை. திரும்பினால் ஹிந்தியும் ஆங்கிலமும் இல்லாமல் அவள் திண்டாடக்கூடாது என்பது கணக்கு. நியாயமான கணக்குத்தான், இன்றைக்கும் சொல்வேன். அதற்கு விலையும் இருந்தது. ஹொய்குஎன் கூட்டாளிகள் எல்லாரும் மஞ்சள் தொப்பி போட்டு, முதுகை விடப் பெரிய ரான்டோசெரு பையைத் தூக்கிக்கொண்டு, கூட்டமாக வார்டுப் பள்ளிக்கு நடந்து போனார்கள். முதல் இரண்டு வருடம் சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டில்தான் கிடப்பார்கள். மூன்றாம் வகுப்பில் அவர்களுக்குப் பேஸ்பால், நீச்சல், டியூஷன் என்று வந்தது. இவளுடைய ஜப்பானிய மொழியும் ஐந்து வயதிலேயே நின்று போனது. பேச்சில் குறை தெரியாது. அவர்கள் முதல் வகுப்பில் சீன வழி வந்த கஞ்சி எழுத்து 80, இரண்டாம் வகுப்பில் 160, ஆறாம் வகுப்பு முடிக்கும்போது மொத்தம் 1026 என்று ஏறிக்கொண்டே போக, இவள் கடைப் பலகையைப் படிக்கத் தடுமாறினாள்.

வார்டுப் பள்ளியில் சேர்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு நேர் எதிரான கஷ்டம். பிள்ளை பிழைத்துக்கொள்கிறது, பெற்றோர் முழிக்கிறார்கள். வாரத்துக்கு ஐந்தாறு தாள் வரும். நாளை பழைய செய்தித்தாள் கொண்டுவரவும், வியாழக்கிழமை நீச்சல், வெள்ளிக்கிழமை தரை துடைக்கும் துணி. முதல் வகுப்பில் ஒரு கணக்குப் பெட்டி தருவார்கள். அதிலுள்ள எண்ணும் குச்சி, வில்லை ஒவ்வொன்றுக்கும் நகக்கண் அளவு பெயர்ச் சீட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். வகுப்பறையைப் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கிறார்கள். அதைக் கேட்டு என் மாமியார் மட்டும் சந்தோஷப்பட்டார். உண்மையான கண்டம் பதினைந்து வயதில்: உயர்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு, முழுக்க ஜப்பானியத்தில். அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்து சேரும் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். மழலையிலேயே நுழைந்த பிள்ளைக்கு அந்தப் பயம் பாதி குறைவு. 2019-இல் எங்கள் வார்டு மன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்ட யோகேந்திர புராணிக், 2023-இல் இபராக்கியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். பிள்ளையாக நுழைவது இருக்கட்டும், தலைமையாசிரியராகவே ஓர் இந்தியர் நுழைந்திருக்கிறார் என்று அந்தச் செய்தியை நான் பூங்காவில் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது சின்னவனின் முறை. கணவர் வேலை மாறிவிட்டார், பெங்களூர்ப் பேச்சு அடங்கிவிட்டது. வரும் ஏப்ரலில் அவனுக்கு ஒன்றாம் வகுப்பு. வார்டு அலுவலகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்ததும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம். ஹொய்குஎன் கூட்டாளிகள் அத்தனை பேரும் அதே பள்ளிக்குத்தான் போகிறார்கள். அம்மா போனில், "ஒருத்திக்கு ஒரு சிலபஸ், ஒருத்தனுக்கு ஒரு சிலபஸா?" என்று கோபித்துக்கொண்டாள். மகள் அதைவிடக் காரியக்காரி. பள்ளித் தாள்களைப் படித்துச் சொல்வது அவள் பொறுப்பு என்று நாங்கள் சொன்னதும், தாளுக்கு 50 யென் கேட்டாள். கஞ்சிக்கு மேல் ஹிராகானா போட்டிருக்கும் தாள் என்றால் 20, போடாத தாள் 50 என்று பேசி முடித்திருக்கிறோம். போடாத தாளைப் படிப்பதற்காக இப்போதே நூலகத்திலிருந்து முதல் வகுப்புக் கஞ்சிப் புத்தகம் எடுத்து வந்துவிட்டாள்.