பதினேழு குதிரையும் ஒரு சீட்டுப் பணமும்

2014 ஜனவரியில் தாம்பரத்துப் பையன் ஒருத்தன் முப்பத்தாறாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய யமஹா ஆர்15 வாங்கினான். மூன்றாம் வருஷம் மெக்கானிக்கல். பணம் அவனுடையது இல்லை, அம்மா எடுத்த சீட்டுப் பணம். ஜூன் முதல் வாரம் காலேஜ் ஃபீஸ் கட்டுவதற்காக பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தது.

"அஞ்சு மாசம்மா. வாங்கி, ரெடி பண்ணி, அம்பத்தஞ்சுக்கு வித்துடுவேன். உன் பணம் ஜூனுக்கு முன்னாடி வந்துடும்."

"வரலன்னா?"

"வரும்மா."

இப்படித்தான் ஆரம்பித்தது. மெக்கானிக்கல் படிக்கிற பையன் என்பதால் அம்மாவும் கொஞ்சம் நம்பிவிட்டார். மூன்று வருஷ மெக்கானிக்கலில் ஒரு ஸ்பேனரைக் கூட ஒழுங்காகப் பிடிக்கக் கற்றுத் தரமாட்டார்கள் என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்!

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2008-ல் முதல் ஆர்15 வந்தபோது நம்மூரில் 150 சி.சி. வண்டி என்றால் காற்றில் குளிரும் இன்ஜின், கார்புரேட்டர், அவ்வளவுதான். இது 149.8 சி.சி.யிலேயே ரேடியேட்டர், ஃப்யூயல் இன்ஜெக்ஷன், நாலு வால்வு, ஆறு கியர், டெல்டாபாக்ஸ் ஃபிரேம் என்று பெரிய ரேஸ் வண்டிகளின் சமாச்சாரங்களோடு வந்து நின்றது. 17 பி.எஸ். சக்தி, அதுவும் 8,500 ஆர்.பி.எம்.மில். கீழே ஒன்றும் இருக்காது, முறுக்கினால்தான் முழித்துக்கொள்ளும். அதற்காகவே பிடித்தவர்கள் உண்டு, அதற்காகவே திட்டியவர்களும் உண்டு.

இவன் வாங்கியது 2009 மாடல், நீலக் கலர். வேளச்சேரியில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் வைத்துக் காட்டினார்கள். போனபோது இன்ஜின் ஏற்கனவே சூடாக இருந்தது. பழைய வண்டி பார்க்கப் போகிறவன் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் அதுதான். ராத்திரி முழுக்க ஆறிப்போன இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதுதான் வண்டி உண்மை பேசும். பையன் டேங்கைத் தடவிக்கொண்டிருந்தான், அது கண்ணில் படவில்லை. ஆர்.சி. புத்தகத்தை மட்டும் ஒழுங்காகப் பார்த்தான். லோன் முடிந்து ஃபார்ம் 35 போட்டு பைனான்ஸ் பெயரை எடுத்திருந்தார்கள். 29, 30 ரெண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை வீட்டு வாசலில் செல்ஃப் போட்டான். (கிக்கர் கிடையாது இந்த வண்டிக்கு, பேட்டரி போனால் கதை முடிந்தது.) சைலன்சரிலிருந்து நீலமாய் ஒரு புகை. எதிர்வீட்டுப் பாட்டி "கொசு மருந்து வண்டியா?" என்று கேட்டார்.

தெருமுனை மெக்கானிக் ரெண்டு தடவை ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிட்டார். "ரிங்கு போச்சுபா. போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுரலாம்."

நம்மூரில் இன்ஜின் வேலை என்றால் அப்படித்தான் பழக்கம். தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவது. ஆர்எக்ஸ்100 காலத்திலிருந்து அதுதான் வைத்தியம். பையனும் சரி என்றுதான் இருந்தான். கூடப் படிக்கிற ஒருத்தன்தான், பெருங்களத்தூரில் ஒரு வயசான மெக்கானிக் இருக்கிறார், அவரிடம் ஒரு தடவை காட்டிவிடு என்று இழுத்துக்கொண்டு போனான்.

அந்தப் பெரியவர் இன்ஜினைத் தொடவே இல்லை. கேள்வி மட்டும் கேட்டார்.

"புகை எப்ப வருது தம்பி?"

"காலைல ஸ்டார்ட் பண்ணும்போதுண்ணா."

"ஓட்டும்போது?"

யோசித்தான். பாலத்திலிருந்து ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கி, கீழே வந்து திரும்ப முறுக்கும்போது ஒரு பொட்டலம் புகை. மற்றபடி நேர் ரோட்டில் முறுக்கினால் இல்லை.

"அப்ப ரிங்கா இருக்காது. ரிங்கு போயிருந்தா முறுக்க முறுக்க விடாம வரும். இது மேல வால்வ் சீல்ல எண்ணெய் கசியுது. வண்டி நிக்கும்போது சொட்டி உள்ள எறங்கும், ஸ்டார்ட் பண்ணா எரியும்." பிறகு சிரித்தார். "இன்னொண்ணு கேளு. இந்த சிலிண்டரை போர் பண்ணவே முடியாது. பண்ணியிருந்தா வண்டி கோவிந்தா."

காரணம் இதுதான். சாதாரண சிலிண்டருக்குள்ளே இரும்பு லைனர் இருக்கும், கடையலாம். ஆர்15-ல் யமஹா வைத்திருந்தது டயாசில் சிலிண்டர். முழுக்க அலுமினியம், அதில் கிட்டத்தட்ட 20 சதவீதம் சிலிக்கான். அந்த சிலிக்கான் துகள்கள்தான் கடினமான உரசு பரப்பாக நிற்கின்றன. லைனரே கிடையாது. சூட்டை நன்றாக வெளியே விடும், எடை குறைவு. தேய்ந்துவிட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான். மெட்டலர்ஜி பேப்பரில் அலுமினியம்-சிலிக்கான் அலாய்க்குப் படம் போட்டு மார்க் வாங்கியவன் இவன். அது தன் வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்று ஒரு மெக்கானிக் ஷெட்டில், அதுவும் கிரீஸ் கையோடு ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆனாலும் பெரியவர் சொன்னது ஊகம்தான். ஹெட்டைக் கழற்றினால்தான் தெரியும். உள்ளே சிலிண்டரில் கோடு விழுந்திருந்தால் புது சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் வாங்க வேண்டும். அதற்குப் பணம் இல்லை. அப்படியே விற்றால் முப்பதுகூடத் தேறாது. ஹெட் கழற்றுகிற ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிடாமல் போய் உட்கார்ந்திருந்தான்.

ஹெட் வந்தது. பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, பெரியவர் சிலிண்டர் சுவரை நகத்தால் மேலிருந்து கீழாக, சுற்றிலும் வருடினார். "நீயும் பாரு" என்றார். எங்கேயும் நகம் தட்டவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. வால்வ் சீல்களை எடுத்துக் கையில் கொடுத்தார். ரப்பராக இருக்க வேண்டியது, அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

ஏன் அப்படி வெந்து போனது என்பதும் அன்றைக்கே தெரிந்தது. ரேடியேட்டரைத் திறந்தால் பச்சைக் கூலன்ட் வரவில்லை. டீ கலரில் தண்ணீர். முந்தைய ஓனர் போர் தண்ணியை ஊற்றி ஓட்டியிருக்கிறார். நம் சென்னை போர் தண்ணி பக்கெட்டிலேயே வெள்ளை வெள்ளையாய்ப் படியும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியாதா? போதாததற்கு ஃபேன் கனெக்டரில் மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்து, ஃபேன் சுற்றுவதே இல்லை. டிராஃபிக்கில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் வெந்திருக்கிறது. கூலன்ட் என்பது குளிர வைக்க மட்டும் இல்லை, அலுமினியம் அரிக்காமல் காக்கவும்தான். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இவ்வளவு!

சீல், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நூறு. கூலன்ட், ஹோஸ், ஃபேன் வேலை ஆயிரத்து இருநூறு. வார இறுதிகளில் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் போய், பந்திக்குச் சாம்பார் வாளி தூக்கிச் சம்பாதித்த காசு அது.

புகை நின்றது. உடனே பையனுக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

2011-ல் வந்த வெர்ஷன் 2-ல் பின் டயர் 130. முதல் வெர்ஷனில் வெறும் 100. பின்னாலிருந்து பார்த்தால் சைக்கிள் மாதிரி இருக்கிறது என்று கிளாஸில் கிண்டல். புதுப்பேட்டைக்குப் போனான். ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகளில் கழற்றிப் போட்ட வண்டிகளின் குவியலுக்கு நடுவே, வெர்ஷன் 2-ன் அலுமினிய ஸ்விங் ஆர்ம், அகல வீலோடு தொங்கியது. எந்த வண்டியுடையது, பில் உண்டா என்று கேட்டால் "உனக்கு வேணுமா வேணாமா" என்பதுதான் பதில். ஆறாயிரத்தைந்நூறு. கையில் ஏழாயிரம் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பினான்.

திரும்பும்போது குரோம்பேட்டை தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் முன்னால் போன பஸ் ஸ்டாப் இல்லாத இடத்தில் நின்றது. இரண்டு பிரேக்கும் பிடித்தான். முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பின் சக்கரம் லாக் ஆகி, வண்டி கோணலாய் வழுக்கி, பஸ்ஸின் பின் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பஸ்ஸில் கடைசி சீட்டில் ஒரு குழந்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஹாரன் சத்தம் பின்னால். இறங்கி ஓரமாக வண்டியைத் தள்ளினான், கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் பெருங்களத்தூர். பெரியவர் டயர் ஓரத்தில் ஒரு சின்ன நீள்வட்டத்தைத் துடைத்துக் காட்டினார். 2309. "2009-ல இருபத்தி மூணாவது வாரம். டயர் பொறந்த தேதி." அஞ்சு வருஷ டயர், பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ரப்பர்தான் செத்துப்போயிருந்தது. பிரேக் ஆயில் காப்பி டிகாக்ஷன் கலரில் இருந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் சேரச் சேரக் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழி விடும், லீவர் பஞ்சாகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியதை யாரும் தொட்டதே இல்லை. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில் பாரைத் திருப்பச் சொன்னார். நட்ட நடுவில் டக்கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. கோன்செட்டும் அவுட்.

"நூத்தி முப்பது டயர் போடலாம்னு இருந்தேண்ணா" என்றான் மெதுவாக.

"உன் ரிம்முல போட்டா டயர் நசுங்கி நடுவுல மொட்டா நிக்கும். வளைவுல ரோட்டுல படுற எடம் மாறிப்போயிரும். ஸ்விங் ஆர்ம் மாத்துனா வண்டி நீளமே மாறும்." உண்மைதான். முதல் வெர்ஷனின் வீல்பேஸ் 1,290 மி.மீ., இரண்டாவதற்கு 1,345. அந்தக் குட்டையான நீளத்தில்தான் அது சந்துக்குள் மீன் மாதிரி திரும்பும்.

ஏழாயிரமும், அடுத்த இரண்டு மாதத்துச் சாம்பார் வாளிகளும் இப்படிப் போயின: டயர் இரண்டும் பழைய அளவிலேயே நாலாயிரத்தைந்நூறு, பிரேக் பேடும் ஆயிலும் ஆயிரம், கோன்செட் ஆயிரம், செயின் கிட் ஆயிரத்து முந்நூறு, பேட்டரி ஆயிரம். வெளியிலிருந்து பார்த்தால் வண்டியில் ஒரு மாற்றமும் தெரியாது. கிளாஸில் "இவ்ளோ செலவு பண்ணி என்னடா மாத்தின?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் ஏப்ரலில் ஒரு விடியற்காலை வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் போய்விட்டு வந்தவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் வெர்ஷனுக்கு சீட் ஒரே நீளமாக இருக்கும். அந்த வாரமே அம்மா அதில் ஒருக்களித்து உட்கார்ந்து சீட்டுக் கடைசித் தவணை கட்டப் போய்வந்தார். "குனிஞ்சிக்கிட்டே ஓட்டுறியே, முதுகு வலிக்காதா?" என்பது மட்டும்தான் அவர் கருத்து.

மே கடைசியில் வாங்க வந்தவன் முதல் வருஷப் பையன். காலை ஆறரைக்கு வரச் சொல்லி, ஆறிய இன்ஜினைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, பிறகுதான் செல்ஃப் போட்டான். புகை இல்லை. சீல் மாற்றியது, ஃபேன் கனெக்டர், எல்லாவற்றையும் சொல்லி பில்களைக் கையில் கொடுத்தான். ஹெட் கழற்றிய வண்டி என்றதும் பையனோடு வந்த மாமா முகம் சுளித்தார், "இன்ஜின் பிரிச்ச வண்டியாச்சே" என்று ஐம்பத்தைந்தை நாற்பத்தெட்டாக்கினார். சொல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும், ஏழாயிரம்.

முப்பத்தாறு அம்மாவுக்கு. மிச்சம் பன்னிரண்டு. செலவு பதிமூவாயிரத்து நூறு. ஆக, அஞ்சு மாத வியாபாரத்தில் ஆயிரத்து நூறு நஷ்டம். அம்மா நோட்டை எச்சில் தொட்டு எண்ணிப் புடவைக்கு அடியில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலையில் ஒரு ராத்திரி அந்த முதல் வருஷப் பையன் போன் பண்ணினான்.

"அண்ணா, பின்னாடி நூத்தி முப்பது டயர் போடலாம்னு இருக்கேன். போடலாமா?"

"மொதல்ல கூலன்ட் லெவல் பாத்தியா?" என்று ஆரம்பித்தவன், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் போனை வைத்தான்.