சக்கரத் தடமும் சிறு குஞ்சும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்கே, வட கரோலினா மாநிலத்தின் கரைக்கு அப்பால், கடலுக்குள் வில் போல் வளைந்து கிடக்கின்றன சில மணல் தீவுகள். ஒருபுறம் அட்லாண்டிக் பெருங்கடலின் ஆர்ப்பரிப்பு. மறுபுறம் அமைதியான உப்பங்கழி. சில இடங்களில் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மணல்மேடும் ஒரு சாலையும் மட்டுமே உண்டு. இதுவே கேப் ஹட்டெரஸ் கடற்கரை. 1937-ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் சபை இதனை மக்கள் அனைவருக்கும் உரிய தேசியக் கடற்கரையாக்கச் சட்டம் இயற்றிற்று. அந்நாட்டில் அப்பெயர் பெற்ற முதற் கரை இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் அங்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கறுப்பும் வெள்ளையுமாய்ச் சுருள்பட்டை தீட்டிய கலங்கரை விளக்கம் முதலில் கண்ணில் பட்டது. கடலரிப்புக்கு அஞ்சி, 1999-இல் அதனை இடிக்காமலே பெயர்த்து, ஏறத்தாழ 880 மீட்டர் தள்ளி நிறுத்தினர் என்று அறிந்து வியந்தேன். ஆயின் அதனினும் வியப்பளித்தது, மணலிலேயே ஊர்ந்து சென்ற ஜீப் வண்டிகளின் வரிசை. டயர்களில் காற்றைக் குறைத்து, முன்புறத்தில் தூண்டிற்கழிகளை நட்டுவைத்து, குடும்பம் குடும்பமாக அலையோரம் சென்றுகொண்டிருந்தனர். சற்றுத் தொலைவில் ஒரு கயிறும் அறிவிப்புப் பலகையும் வழிமறித்தன. அதற்கப்பால் வெறும் மணல். அக்கயிற்றைப் பற்றித்தான் அங்கு நெடுங்காலமாக வழக்கு.

அவ்வூர் மக்களின் நியாயத்தை முதலில் கேட்போம். 1950-களில் தார்ச்சாலை வருமுன் அவர்களுக்குக் கடற்கரையே சாலை. 1963-இல் பாலம் கட்டப்படும்வரை வெளியுலகோடு அவர்களை இணைத்தவை படகுகளே. குளிர் நீரோட்டமும் வெப்ப நீரோட்டமும் அம்முனையருகே சந்திப்பதால் மீன் மிகுதி. அதை நாடி வருவோரால்தான் விடுதியும் கடையும் பிழைக்கின்றன. நடக்கவியலாத முதியவரும் வண்டியேறி அலையருகே அமரலாம். “எங்கள் பாட்டனார் சென்ற வழியை எங்களுக்கே அடைப்பதா?” என்று அவர்கள் கேட்பதில் வேதனை உண்டு, அதனை எளிதில் தள்ளிவிடலாகாது.

இனி, கயிற்றுக்கு அப்பால் வாழும் உயிரைப் பார்ப்போம். அது உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த சிறு பறவை; ஆங்கிலத்தில் பைப்பிங் ப்ளோவர் என்பர். மணல் நிறத்திலேயே முட்டையிடும். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே கூட்டை விட்டு இரை தேடி ஈர மணலுக்கு ஓடும். பறக்கவோ ஏறத்தாழ ஒரு மாதமாகும். ஆபத்து நெருங்கினால் அவை ஓடுவதில்லை. அசையாமல் மணலோடு மணலாகப் பதுங்குகின்றன. பருந்தின் கண்ணை ஏய்க்க இவ்வுபாயம் போதும். சக்கரத்தின் முன்போ, காப்பாற்ற வேண்டிய குணமே உயிரைக் குடிக்கிறது. அவை பதுங்கும் பள்ளம் சில வேளைகளில் முந்தைய வண்டி விட்டுச்சென்ற தடமே! முட்டையினின்று வெளிவந்து கடலை நாடும் ஆமைக்குஞ்சுகளும் அத்தகைய தடங்களில் விழுந்து தவிக்கின்றன. வண்டிகளின் விளக்கொளி அவற்றைத் திசை மயக்குகிறது.

1972-ஆம் ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் நிக்ஸன், பொது நிலங்களில் எங்கே வண்டி செல்லலாம், எங்கே செல்லலாகாது என வரையறுக்குமாறு ஆணை பிறப்பித்தார். இக்கரைக்கோ முழுமையான விதி பல்லாண்டுகள் வரவில்லை. 1986-இல் அப்பறவை அழிவை எதிர்நோக்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. 2003-இல் இங்கே கூடு கட்டிய சோடிகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். 2007-இல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் நீதிமன்றம் ஏறின; 2008-இல் உடன்பாடு ஏற்பட்டது; 2012-இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. உரிமச் சீட்டு பெற்றே வண்டி ஓட்டலாம். கோடை இரவுகளில் ஓட்டலாகாது. சில பகுதிகள் ஆண்டு முழுதும் திறந்தவை, சில பருவத்துக்கு மட்டும், சில நடப்போருக்கே உரியவை. ஊராரின் முறையீட்டைக் காங்கிரஸும் செவிமடுக்க, 2015-இல் கூடுகளைச் சுற்றிய தடைத் தூரங்கள் குறைக்கப்பட்டன. மனக்கசப்பு முற்றும் தீர்ந்துவிடவில்லை.

எனினும் சிந்தித்துப் பாருங்கள். கயிறு என்றென்றைக்கும் கட்டப்படுவதில்லை. குஞ்சு பறந்தால் அவிழ்க்கப்படுகிறது. மனிதன் இழப்பது சில வாரங்கள். குஞ்சு இழப்பதோ உயிரை. பொதுச்சொத்து என்றால் நினைத்தபோது நுழையும் உரிமை என்றே கருதிப் பழகிவிட்டோம். முறை வரும்வரை காத்திருக்கும் கடமையும் அச்சொல்லுக்குள் அடக்கம் அன்றோ?

மாலையில் திரும்புகையில், ஒரு முதியவர் அக்கயிற்றருகே வண்டியை நிறுத்தியிருந்தார். அப்பால் அவருக்குப் பழக்கமான மீன்பிடி துறை. சிறிது நேரம் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பின் வண்டியைத் திருப்பிக்கொண்டார். அவர் பின்னே, கயிற்றுக்கு அப்பாலிருந்த மணலில் ஒரு தடமும் விழவில்லை.