மூன்று பேணி விசுக்கோத்து

மார்கழி மாதத்து மாலை வேளைகளில், சிலாபத்திலிருந்து மாரவில, வென்னப்புவ வழியாக நீர்கொழும்புக்குச் செல்லும் சாலையிற் பயணஞ் செய்தவர்கள் ஒரு நறுமணத்தை அறிந்திருப்பார்கள். கறுவா, ஏலம், சாதிக்காய், உருகிய வெண்ணெய் ஆகியவற்றோடு பிராந்தியின் வாசமும் கலந்து வீதிவரை வரும். கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த இக்கரையில், நத்தாருக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே பலகார வேலை தொடங்கிவிடுகிறது. சைவனாகிய எனக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கிடுகு வேலிதான். அதிலும் ஒரு பொட்டு உண்டு.

பெயர்களைப் பற்றி முதலில் இரண்டொரு வார்த்தை. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்று நீங்கினர். மனிதர் போய் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர்களுடைய சொற்கள் நம் குசினியை விட்டுப் போகவில்லை. குசினி என்ற சொல்லே அவர்கள் தந்ததுதான். பாண், போறணை, விசுக்கோத்து, நத்தார் எல்லாம் அவ்வழி வந்தவையே. ஒல்லாந்தர் சிறு கேக்குக்கு வழங்கிய பெயரே, சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டுக்குப் பொரிக்கும் கொக்கிஸ் ஆயிற்று என்பர். அதே சொல்தான் அமெரிக்காவிலே குக்கி ஆனது. முந்திரிகையின் கதை இன்னும் வேடிக்கையானது. தமிழ்நாட்டிலே முந்திரி என்றாற் பருப்பு. யாழ்ப்பாணத்திலே முந்திரிகை என்றால் திராட்சை. எங்கள் பலசரக்குக் கடையிலோ உலர்திராட்சைக்குப் பிளம்ஸ் என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் பிளம் என்பது உலர்திராட்சையையுங் குறித்தது. ஆங்கிலேயரிடம் அருகிப்போன அவ்வழக்கு எங்கள் கடைத்தெருவில் இன்னும் உயிரோடிருக்கிறது.

இலங்கையின் நத்தார்க் கேக் ஆங்கிலேயருடைய கேக்கின் பிரதியன்று. கோதுமை மாவின் இடத்தை ரவை பிடித்துக்கொண்டது. வாதுமையின் இடத்தை மரமுந்திரிகைப் பருப்பு பிடித்தது. சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணித் தோசி, இஞ்சித் தோசி, தேன், பன்னீர் ஆகியவை சேர்கின்றன. முட்டை மஞ்சட்கரு இருபதுக்கு மேலும் போகும். ஹில்டா டியூட்ரம் தொகுத்து 1929இல் முதன்முதலாக வெளிவந்த ‘டெயிலி நியூஸ்’ சமையற் புத்தகத்தைத் தாயிடமிருந்து மகள் பெற்றுக்கொண்ட வீடுகள் பல உள. மரமுந்திரிகையைப் பிறேசிலிலிருந்து இப்பக்கங்களுக்குக் கொணர்ந்தவர்களும் போர்த்துக்கேயரே. மழை குறைந்த புத்தளத்து மணல் நிலத்தை அம்மரம் விரும்பி ஏற்றுக்கொண்டது. பிராந்தி வாங்க வசதியில்லாதவர்கள் சாராயத்தை ஊற்றுவார்கள். தென்னை ஆராய்ச்சி நிலையமே லுணுவிலையில் அமையுமளவுக்குத் தென்னை செழித்த மாவட்டம் இது. தென்னஞ்சாராயத்துக்கு இங்கே யாரும் அலைய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், சாதிக்காயோடு பிராந்தியைவிடச் சாராயத்தின் மணமே நன்றாக இசைகிறது. குடித்தறியாத நான் மூக்கை மட்டும் நம்பிச் சொல்லும் தீர்ப்பு இது.

மது எதற்கு? இரசாயனம் கற்பிப்பவன் என்ற முறையில் இதைச் சொல்லாமற் போக முடியவில்லை. ஏலத்திலும் கறுவாவிலும் தோடம்பழத் தோலிலும் உள்ள வாசனை எண்ணெய்கள் நீரில் எளிதிற் கரைவதில்லை, மதுசாரத்திற் கரையும். ஆகவே பிராந்தியில் ஒரு வாரம் ஊறிய பழம் தன் மணத்தையும் பிறவற்றின் மணத்தையும் ஒருங்கே ஏற்றுக்கொள்கிறது. மேலும், மதுசாரமும் சீனியும் சேர்ந்து பூஞ்சணத்தைத் தடுக்கின்றன. மதுவுக்குப் பதிலாக வெறும் பழச்சாற்றில் ஒரு வாரம் ஊறவிட்டாலோ, சாறு தானே புளித்து மதுவாகத் தொடங்கிவிடும்!

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். நத்தார் வரும் காலம் சைவ வீடுகளில் விரத காலம். கார்த்திகைப் பூரணைக்கு மறுநாள் தொடங்கும் பிள்ளையார் பெருங்கதை விரதம் இருபத்தொரு நாள்; அதனையொட்டித் திருவெம்பாவை. இந்நாட்களில் என் தாயார் முட்டை கலந்த பண்டத்தைக் கையாலுந் தொடமாட்டார். அடுத்த வீட்டு மாமியோ, நான் சிறுவனாயிருந்த காலத்தில், ஆண்டுதோறும் பின்னற் துணி மூடிய தட்டிலே கேக் கொண்டுவருவார். தாயார் இரு கைகளாலும் வாங்கி எங்களுக்குக் கொடுத்துவிடுவார். தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. தைப்பொங்கலன்று அது பொங்கலோடு வேலியைக் கடக்கும்.

ஒருமுறை எங்கள் உறவினர் ஒருவர், “நெருப்பிலே வெந்தால் சாராயமெல்லாம் ஆவியாகிப் போய்விடும். கொஞ்சம் சாப்பிட்டால் என்ன?” என்று தாயாரை வற்புறுத்தினார். தாயார் பதில் சொல்லுமுன் மாமியே குறுக்கிட்டார்: “இல்லை அண்ணா, போகாது. சுட்டெடுத்த பிறகும் நான் மேலே தெளித்திருக்கிறேன். அக்காவுக்கு நான் பொய் சொல்லித் தின்னக் கொடுக்கமாட்டேன்.”

மாமி இரசாயனம் படித்தவரல்லர். சொன்னது முற்றிலுஞ் சரி. மதுசாரம் 78 பாகை செல்சியசிற் கொதிப்பது உண்மையே. ஆயினும் மாவோடு கலந்துவிட்டால் அது அவ்வளவு எளிதில் விடைபெறுவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, கால் மணி நேரம் வெந்த பண்டத்தில் ஊற்றிய மதுசாரத்தின் நூற்றுக்கு 40 பங்கு எஞ்சியிருக்கும். ஒரு மணி நேரத்தின் பின் 25 பங்கு. இரண்டரை மணி நேரத்தின் பின்னும் 5 பங்கு. உண்பவர் அறியாமல் ஊட்டுவதற்கு ‘ஆவியாகிவிடும்’ என்ற சமாதானத்தை நான் பல வீடுகளிற் கேட்டிருக்கிறேன். அது எனக்கு உவப்பானதன்று. ஒருவருடைய நோன்பு பெரியதா சிறியதா என்பதை அவரல்லாத வேறொருவர் தீர்மானிப்பது எந்த வகை அன்பு?

மறு ஆண்டு மாமி எங்களுக்கென்று தனியாக ஒரு பேணி கொண்டுவந்தார். மதுவும் முட்டையும் இல்லாத விசுக்கோத்து. கலந்த பாத்திரமும் வேறு என்றார். தாயார் அன்று எதுவும் உண்ணவில்லை. விரதம் முடிந்த பின்னர் எடுத்தார். பிறகு மூன்றாவது பேணியும் வந்து சேர்ந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஆயிரக்கணக்கானோர் புத்தளக் கரையில் அடைக்கலம் புகுந்தனர். மன்னாரிலிருந்து அவ்வாறு வந்து, சில ஆண்டுகள் முகாமிற் கழித்த ஒரு குடும்பம் எங்கள் ஒழுங்கையிலே குடியேறியது. அவர்களுக்கு முட்டை ஆகும், மது ஆகாது. மாமி பேணிகளுக்கு நூல் கட்டி வைத்தார்: சிவப்பு நூல் தம் வீட்டாருக்கு, பச்சை நூல் ராத்தா வீட்டுக்கு, வெள்ளை நூல் எங்களுக்கு. ராத்தா வீட்டிலிருந்து பெருநாளைக்கு மாமிக்கு வட்டிலப்பம் போகும். அதில் முட்டை உண்டாதலால் எங்களுக்குப் பேரீச்சம்பழம் வரும்.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்தில் பூசைக்குச் சென்றிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுவெடிப்பில் மாண்டனர். மாமிக்குத் தெரிந்த குடும்பங்கள் அவர்களுள் இருந்தன. அடுத்த மாதம், குற்றத்தோடு எத்தொடர்புமில்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் வடமேல் மாகாணத்திலே தாக்கப்பட்டன. ஒழுங்கையில் எவரும் எவரோடும் உரத்துப் பேசாத மாதங்கள் அவை. அவ்வாண்டு மார்கழியில் மாமி அதிகம் சுடவில்லை. துக்க வீடுகள் பலவற்றிற்குச் சென்று வந்தவருக்கு அதில் மனம் செல்லாதது இயல்பே. பச்சை நூல் கட்டிய பேணி இவ்வாண்டு உண்டா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை என்பதே சரி.

நத்தாருக்கு முதல்நாள் பிற்பகல், வழக்கமாகப் பேரப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் பேணியை மாமி தாமே எடுத்துக்கொண்டு ஒழுங்கையின் கோடிவரை நடந்தார். பலரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராத்தா படலைக்கு வந்து இரு கைகளாலும் வாங்கி, அங்கேயே மூடியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டுக்கொண்டார்.

“சாராயம் போடவில்லை” என்றார் மாமி.

“தெரியுமே” என்றார் ராத்தா.

அதற்கு மேல் அவர்கள் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

2021ஆம் ஆண்டு முடிவில் நாட்டிலே எரிவாயுத் தட்டுப்பாடு. மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவேண்டிய கேக்குக்கு எவர் வீட்டிலும் எரிவாயு இல்லை; இருபது முட்டைக்கும் விலை கட்டாது. அவ்வாண்டுமுதல் மாமி எல்லோருக்குமே விசுக்கோத்துச் சுடுகிறார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

அளவு வேண்டுவோருக்காக: உலர்திராட்சை, பேரீச்சம்பழம், பூசணித் தோசி எல்லாம் நறுக்கியது 250 கிராம், பிராந்தி அல்லது சாராயம் 100 மில்லிலீற்றர். கண்ணாடிப் போத்தலில் ஒரு வாரம் ஊறவேண்டும். 200 கிராம் வெண்ணெயை 125 கிராம் சிவப்புச் சீனியோடு நுரைக்க அடித்து, ஒரு முட்டை சேர்த்து, 275 கிராம் கோதுமை மா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், வாசனைத் தூள், உடைத்த மரமுந்திரிகைப் பருப்பு 150 கிராம், வடித்த பழம் ஆகியவற்றைக் கலந்து, கரண்டியால் தட்டில் இட்டு, 170 பாகையில் 15 நிமிடம் சுடவேண்டும். பச்சை நூற் பேணிக்கு வேறு பழம், வேறு பாத்திரம். மதுவுக்குப் பதில் தோடம்பழச் சாறு, ஓர் இரவு மட்டும்.

வெள்ளை நூற் பேணிக்கு முட்டையும் பேக்கிங் பவுடரும் வேண்டா. வெண்ணெய் 200, சீனி 100, மா 300 கிராம். சாற்றில் ஊறிய பழத்தைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கிச் சேர்க்கவேண்டும். உருளையாகத் திரட்டிக் குளிரவைத்து வில்லைகளாக வெட்டி, 160 பாகையில் 20 நிமிடம் சுட்டால் மொறுமொறுப்பாக வரும். நன்கு ஆறிய பின்னரே பேணியில் இடுக. அதைச் சாமியறை அலுமாரியில் மட்டும் வைக்க வேண்டாம். வெண்ணெய் அயல் மணத்தை விரைவில் இழுத்துக்கொள்ளும். கற்பூரம் மணக்கும் விசுக்கோத்தை என் தாயார்கூட ஒரு துண்டுக்கு மேல் உண்ணமாட்டார்.