புல்லாங்குழலோடு சிறைக்குப் போன சிப்பாய்... வக்கீல் வேலையை உதறிய கவிஞர்!

1864 நவம்பர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குக் கடற்படையின் முற்றுகையைத் தாண்ட முயன்ற ஒரு கப்பல் பிடிபட்டது. அதில் இருந்த 22 வயது தெற்கத்திச் சிப்பாயை மேரிலாந்தின் 'பாயின்ட் லுக்அவுட்' கைதிகள் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சட்டைக் கைக்குள் ஒரு புல்லாங்குழலை ஒளித்துக்கொண்டுதான் அவர் உள்ளே நுழைந்தார். அவர் பெயர் சிட்னி லனியர்.

ஜார்ஜியா மாகாணத்தின் மேகன் நகரில், 1842 பிப்ரவரி 3-ல் பிறந்தவர். அப்பா வக்கீல். சின்ன வயதிலேயே கையில் கிடைத்த வாத்தியத்தையெல்லாம் வாசிக்கப் பழகிவிட்டார் சிட்னி. முறையாக யாரிடமும் கற்றதில்லை. 18 வயதில் பட்டம், 19 வயதில் போர். தம்பி கிளிஃபோர்டும் அவரும் ஒன்றாகவே ராணுவத்தில் இருந்தார்கள்.

அவர் போரிட்டது எந்தப் பக்கம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தெற்கு மாகாணங்கள் பிரிந்துபோனது அடிமை முறையைக் காப்பாற்றத்தான். அந்தப் படையின் சீருடையைத்தான் லனியர் அணிந்திருந்தார். அவர் எவ்வளவு இனிமையாக வாசித்தார், எழுதினார் என்பதால் இந்த உண்மை மாறிவிடாது.

முகாமில் கைதிகளுக்குக் கட்டடம் கிடையாது, கூடாரம்தான். கடற்காற்று, குளிர், அரைப்பட்டினி. சில மாதங்களில், 1865 பிப்ரவரியில் விடுதலையானார். பெரும்பகுதி தூரத்தை நடந்தே கடந்து, மார்ச்சில் வீடு வந்து சேர்ந்தவர், படுத்த படுக்கையானார். காசநோய் நுரையீரலில் குடியேறியிருந்தது. அப்போது அதற்கு மருந்து இல்லை. நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோச் கண்டறிந்து அறிவித்ததே 1882-ல்தான்.

1867-ல் முதல் நாவல் 'டைகர் லில்லீஸ்' வெளிவந்தது. அதே வருடம் மேரி டேயைத் திருமணம் செய்துகொண்டார். குடும்பம் ஓடவேண்டுமே? அப்பாவின் வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தார். நிலப் பத்திரங்களில் வில்லங்கம் பார்ப்பது போன்ற வேலைகள். ஐந்து வருடங்கள் ஓடின. இருமலும் கூடவே வந்தது.

உடம்பு தேற, 1872-ன் கடைசியில் டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குப் போனார். அங்கே இருந்த ஜெர்மானிய இசைக்குழுவினர் அவர் வாசிப்பைக் கேட்டு அசந்துபோனார்கள். தனக்கு மிச்சமிருப்பது கொஞ்ச காலம்தான், அதைப் பத்திரங்களுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி அவரைக் குடைய ஆரம்பித்தது.

1873-ல் பால்டிமோர் நகரின் பீபாடி ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் புல்லாங்குழல் கலைஞராகச் சேர்ந்துவிட்டார். சம்பளம் சொற்பம், அதுவும் கச்சேரிப் பருவத்துக்கு மட்டும். 'மேகனுக்கே திரும்பி வா' என்று அப்பா அழைத்தார். அந்த நவம்பரில் மகன் எழுதிய பதில் கடிதம் இன்றும் பேசப்படுகிறது. வறுமை, நோய், வலி எல்லாவற்றையும் தாண்டி இசையும் கவிதையும் தன்னை விட்டு அகலவில்லை. இனியும் அவற்றை ஒதுக்கிவைக்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அந்த முடிவின் சுமை அவரோடு நிற்கவில்லை. மேரியும் நான்கு மகன்களும் அதைச் சேர்ந்தே சுமந்தார்கள். பணத்துக்காக ஃப்ளோரிடா பற்றிய பயண வழிகாட்டி எழுதினார். சிறுவர்களுக்காக ஆர்தர் மன்னர் கதைகளைத் தொகுத்தார். நடுநடுவே கவிதைகள். 1875-ல் வந்த 'கார்ன்' கவிதை, பருத்தியை மட்டுமே நம்பிக் கடனில் மூழ்கும் விவசாயியைப் பற்றியது. அதே வருடம் வந்த 'தி சிம்பொனி'யில் வாத்தியங்களே பேசுகின்றன. லாபவெறி ஏழைகளை நசுக்குவதைக் கேள்வி கேட்கின்றன. ஜார்ஜியாவின் கடலோரச் சதுப்பு நிலம் 1878-ல் 'தி மார்ஷஸ் ஆஃப் கிளின்' ஆனது.

1879-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அடுத்த வருடம், ஆங்கில யாப்பை இசைக்குறியீடுகளைக் கொண்டு விளக்கும் நூலை வெளியிட்டார். 1880 டிசம்பரில், 104 டிகிரி காய்ச்சலோடு 'சன்ரைஸ்' கவிதையை எழுதினார். 1881 செப்டம்பர் 7-ல் வட கரோலினாவின் லின் என்ற ஊரில் உயிர் பிரிந்தது. வயது 39. அவர் கவிதைகளைத் திரட்டி 1884-ல் புத்தகமாக்கியவர் மேரி.

சாட்டஹூச்சி ஆற்றைப் பற்றியும் அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அந்த ஆற்றின் குறுக்கே பின்னாளில் அணை கட்டியபோது உருவான ஏரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். போரில் அவர் நின்ற பக்கத்தைக் காரணம் காட்டி, அந்தப் பெயரை மாற்றும் பேச்சு 2023-ல் எழுந்து, பிறகு நிறுத்திவைக்கப்பட்டது.

சிப்பாயாக நான்கு வருடங்கள், வக்கீலாக ஐந்து, கலைஞராக எட்டு. முதல் நான்கைப் பற்றி ஜார்ஜியா இன்னும் பேசி முடிக்கவில்லை. நடுவில் இருந்த ஐந்தை யாரும் நினைப்பதில்லை. நோயோடு போராடிப் பெற்ற அந்தக் கடைசி எட்டு வருடங்கள்தான் அவரைக் கவிஞராக நிறுத்தியிருக்கின்றன.