கல்யாணக் கார்டு எழுத்து

எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலைக்குப் போகாதவர்களில் பலர் சிவகாசி பஸ் ஏறி அச்சகத்துக்குப் போவார்கள். நான் அந்த ரகம். லேபிள், காலண்டர், கல்யாணக் கார்டு என்று கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பது வேலை. பட்டாசு லேபிளில் எழுத்து கத்த வேண்டும்: தடித்த சிவப்பு, சுற்றி மஞ்சள் பார்டர், அதற்கும் வெளியே ஒரு கறுப்பு. கல்யாணக் கார்டுக்கு அந்தச் சத்தம் ஆகாது.

“அண்ணாச்சி, இங்கிலீஷ் பேரை மட்டும் அந்த வளைவு எழுத்துல போடுங்க” என்று பார்ட்டி சொன்னால், பெரும்பாலும் மனதில் இருப்பது மோனோடைப் கோர்சிவா. பழைய இத்தாலியக் கையெழுத்தைப் பார்த்து பெட்ரீசியா சாண்டர்ஸ் வடிவமைத்தது. இட்டாலிக் என்ற சாய்வெழுத்து பிறந்த கதையும் அதுதான். 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுட்டியஸ் வெர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கப் புத்தகமாக அச்சிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ அந்தக் காலத்து விரைவுக் கையெழுத்தை அச்செழுத்தாக வெட்டிக் கொடுத்தார். சிறிய எழுத்துகள்தான் சாய்ந்தன. பெரியவை நேராகவே நின்றன.

ஆகவே நேர் எழுத்தைக் கோரல்டிராவில் பிடித்துச் சாய்த்தால் இட்டாலிக் வந்துவிடாது. கேரமண்ட் எழுத்துருவின் நேரான சின்ன ஆங்கில ‘ஏ’வுக்கு மேலே ஒரு வளைந்த கூரை உண்டு. இட்டாலிக்கில் கூரையே இல்லை. பேனா எடுக்காமல் முடிந்துவிடும். ‘எஃப்’ வரிக்குக் கீழே வால் விடும். சாய்த்த போலியில் கூரையும் இருக்கும், வாலும் வராது.

பேரை முழுக்கப் பெரிய எழுத்தில் கேட்பார்கள். கோர்சிவாவில் அப்படிப் போட்டால் சுழிகள் ஒன்றோடொன்று மோதி, மாப்பிள்ளை பேரை மாமனாரே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். முதலெழுத்து மட்டும் பெரிசு போதும். பி.இ., எம்.பி.ஏ. எல்லாம் நேர் எழுத்தில், ஒரு பாயிண்ட் குறைத்து. (பட்டத்தை விட்டுவிட்டால் எங்கள் பக்கம் கார்டே செல்லாது.)

அழகு திரையில் இருந்தால் போதாது, மெஷினில் தப்ப வேண்டும். மெரூன் அட்டையில் தங்க ஃபாயில் அடிக்கும்போது மயிரிழைக் கோடுகளில் ஃபாயில் பிடிக்காது. அழுத்தத்தைக் கூட்டினால் ஆங்கில ‘இ’யின் சின்னக் கண் அடைத்துக்கொள்ளும். ஃபாயில் பிளாக் செய்ய அனுப்புமுன் எழுத்துக்கு மெல்லிய அவுட்லைன் கொடுப்பேன், இடைவெளியையும் துளி கூட்டுவேன். நாலு கலர்த் தரையில் வெள்ளையாக விட வேண்டிய எழுத்து இன்னும் மோசம். நாலு பிளேட்டிலும் அந்தக் கோடு ஒரே இடத்தில் உட்கார வேண்டும். ஒரு கலர் முடியளவு நகர்ந்தாலும் கோடு மூடிப்போகும். அங்கே தடித்த இட்டாலிக் போடுவேன், பார்ட்டி முகம் சுளித்தாலும்.

தமிழைச் சாய்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்வதில்லை. ‘ட’வும் ‘ப’வும் காற்றில் சாய்ந்த வேலிபோல் நிற்கும், பக்கத்தில் ‘ஞ’, ‘ழ’ சாய்ந்ததே தெரியாது. ஒரே வரியில் இரண்டு கோணம். தமிழ்ப் பேரைத் தனித்துக் காட்ட நிறமும் சுற்றிலும் வெற்றிடமும் போதும்.

காலண்டரில் கடைக்காரர்கள் அடிப்பட்டி முழுவதையும் சாய்வெழுத்தில் கேட்பதுண்டு. ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ்’ சாயட்டும். போன் நம்பரை எதிர்ச் சுவரிலிருந்து படிக்க வேண்டும். அதை நேராகத்தான் வைப்பேன்.