மூன்று பிடி

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடியில் ஒடியற்கூழ் காய்ச்சினால் லிப்ட் வரை மணக்கும். காய்ச்சுவது அம்மா. வயது எழுபத்தெட்டு. போன மாரியிலிருந்து, உப்புப் போட்டேனா என்று என்னைக் கேட்கிறா.

கைப்பக்குவம் இருக்கச் சமையல் புத்தகம் எதற்கு என்பார்கள். கையுள்ளவர் பக்கத்தில் இருக்கும்வரை சரி. உறவினர் கேட்டுக் கேட்டுத்தான் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ எழுதினார், 1951இல் வெளிவந்தது. ஆழாக்குக் கணக்கில் சாம்பாரும் இரசமும் அதில் நம்பிச் செய்யலாம். ஆனால் சைவச் சமையல். நண்டும் இறாலும் போட்ட கூழை அங்கே தேட முடியாது.

நானே எழுதத் தொடங்கினேன். என் தொழிலில் எழுதிவைக்காத எதுவும் ஆள் மாறினால் போய்விடும். அம்மா அள்ளிய ஒடியல் மாவைத் தராசுக் கிண்ணத்தில் போடச் சொன்னேன்.

“என்னடா தம்பி, மருந்தே நிறுக்கிறாய்?”

மூன்று பிடி: 41, 40, 41 கிராம். உப்பை மறந்தவவின் கை!

மாவை எவ்வளவு நேரம் ஊறவிட்டுத் தண்ணீரை வடிப்பது? “கயர் போகுமட்டும். நாக்கில வைச்சுப் பார்.” இதை எந்த அளவில் எழுதுவது? மகளைக் கூப்பிட்டு, அவளின் நாக்கிலும் கொஞ்சம் வைத்தோம். முகத்தைச் சுளித்தாள். இன்னொருமுறை தண்ணீர் மாற்றினோம்.