எங்கள் வீட்டு இராச் சாப்பாடு

மாலை நிறுவை முடிந்து லயத்துக்கு நான் வந்து சேரும்போது ஐந்தரை மணி ஆகிவிடும். நானுஓயாவில் பாதி நாட்கள் அந்த நேரத்துக்குப் பனிமூட்டம் இறங்கியிருக்கும். இடுப்பில் கட்டிய படங்கும் காலும் நனைந்திருக்கும். பீலியில் தண்ணீருக்கு வரிசை. கவ்வாத்து மிலாறு ஈரமாக இருந்தால் அடுப்புப் பற்றவே கால் மணித்தியாலம் போகும். காலையில் பெரட்டுக்குப் போக வேண்டுமென்றால் நேரத்தோடு படுக்கவும் வேண்டும். ஆக, இராச் சாப்பாட்டுக்கு எனக்குக் கிடைப்பது ஒரு மணித்தியாலம்தான்.

வீட்டில் என்ன இருக்கும்? கோதுமை மா, பருப்பு, கொஞ்சம் அரிசி, செத்தல் மிளகாய், வெங்காயம், அரைமூடித் தேங்காய், ஒரு சரை நெத்தலி. சம்பளத்துக்கு முந்திய வாரமென்றால் இதிலும் இரண்டு மூன்று குறையும். இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரிகளில் பலர் என்னைவிட நன்றாகச் சமைப்பீர்கள். ஆனாலும் இந்த ஒரு மணித்தியாலத்தில் நான் படித்துக்கொண்ட சில விடயங்கள் உங்களில் யாருக்காவது உதவலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்கும் கோதுமை மாவுக்கும் உள்ள உறவு பழையது. 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி வந்தபோது கிடைத்த கொஞ்ச மாவைத் தண்ணீராகக் கரைத்துக் கஞ்சி காய்ச்சி ஆறு பேர் குடித்ததை அம்மா அடிக்கடி சொல்வார். நான் 1974இல் பிறந்தவள். 1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் என்னைத் தூக்கிக்கொண்டு நானுஓயாவை விட்டு வன்னிக்குப் போனார்கள். கிளிநொச்சி பாரதிபுரத்தில் கொட்டில் போட்டோம். நெல் விளைகிற ஊருக்குப் போயும் அம்மா இரவில் ரொட்டி தட்டுவதை விடவில்லை. மலையில் வேலை செய்த கைக்கு அதுதான் சுறுக்காக வரும். "தோட்டத்தாக்களுக்கு ரொட்டி இல்லாட்டிச் சரிவராது" என்று அயலில் சிரிப்பார்கள். பாடசாலைக்கு ரொட்டி கொண்டு போனால் மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவேன். அந்த வெட்கம் எனக்குக் கனகாலம் போகவில்லை.

2008 கடைசியிலிருந்து 2009 மே வரை நாங்கள் நடந்த பாதை உங்களுக்கும் தெரியும். அங்கே சமையல் என்று ஒன்றும் இல்லை. கஞ்சி இருந்தது, சில நாள் அதுவும் இல்லை. என் கணவரைப் பற்றி அந்த மே மாதத்துக்குப் பிறகு இன்றுவரை ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுவேன்.

மெனிக் பாமில் எங்களுக்குக் கிடைத்த உலர் உணவில் அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய் எல்லாவற்றோடும் கோதுமை மாவும் இருந்தது. பக்கத்துக் கூடாரத்தில் புதுக்குடியிருப்பைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர் இருந்தார். நான் ரொட்டி தட்டுவதை முதல் நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள், "பிள்ளை, எனக்கு உது வட்டமாய் வராது, ஒருக்கால் காட்டித் தாரும்" என்று கேட்டார். ரொட்டி தட்டுவதை என்னிடம் ஒருவர் படிக்க வந்தது அதுதான் முதல் தடவை. பதிலுக்கு அவர் எனக்கு மா அவிக்கப் பழக்கினார். இத்தனை வருடம் வன்னியில் இருந்தும் எங்கள் வீட்டில் அதைச் செய்ததில்லை.

வடக்கில் உள்ளவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். மலையகத்துச் சகோதரிகளுக்காக விபரமாகச் சொல்கிறேன். ஒரு கிலோ கோதுமை மாவை வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து, நீராவியில் முக்கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் அவிக்க வேண்டும். இறக்கியதும் கல்லுப்போலக் கட்டியாக இருக்கும். சூடு ஆறுவதற்குள் உடைத்து அரித்துவிட வேண்டும். ஆறினால் அரிதட்டில் போகாது, கை நோகும். அரித்த மாவைப் பரப்பி நன்றாக ஆறவிட்டு ஈரமில்லாத டின்னில் போட்டு மூடினால் இரண்டு வாரத்துக்குப் பயமில்லை. நானுஓயாக் குளிருக்கு டின்னை அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் வைக்க வேண்டும். முதல் தடவை நான் கீழே வைத்துப் பூசணம் பிடித்து ஒரு கிலோ மாவையும் கொட்டினேன். அன்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அவித்து வைத்துவிட்டால் கிழமை நாட்களில் வேலை பாதியாகும். கொதிநீரில் உப்புப் போட்டு மாவில் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளறி, ஒரு தகரப் பேணியின் விளிம்பால் கொத்தினால் சிறு சிறு மணியாக வரும். தேங்காய்ப்பூ கலந்து பத்து நிமிடம் அவித்தால் பிட்டு. இன்னொரு அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கும்.

2010 கடைசியில் இரண்டு பிள்ளைகளோடு நானுஓயாவுக்கு அம்மாவின் தங்கை வீட்டுக்கு வந்தேன். அப்போது மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. எங்களிடம் இரண்டு பைகளும் ஒரு நீத்துப்பெட்டியும் இருந்தன. பனையோலையில் கூம்பாக இழைத்த அந்தப் பெட்டியைப் பார்த்த சித்தி, "இது என்னா புள்ள, குருவிக் கூடா?" என்று கேட்டார். இப்போது அவருக்கு மூங்கில் குழலில் அவித்த பிட்டுப் பிடிக்காது.

ஆனால் நான் எழுத வந்தது பிட்டைப் பற்றி மட்டும் அல்ல.

2021 மார்ச்சில் தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதே ஆண்டு இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். பிறகு மலையில் கொழுந்து குறைந்தது, நிறுவை குறைந்தால் அரைப்பேர்தான். 2022இல் ஒரு கிலோ மா 400 ரூபாவைத் தொட்டது. ஒரு முழுப்பேருக்கு இரண்டரைக் கிலோ மா என்று கணக்குப் பார்த்தேன். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. மின்வெட்டு வேறு. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கடைகளில் வியாபாரம் இல்லாத காலம் அது. அவன் அனுப்பும் காசும் குறைந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், வழக்கம்போல என் பங்கைக் குறைத்தேன். அதை ஒரு தீர்மானமாகக்கூட எடுக்கவில்லை. சித்திக்கும் மகளுக்கும் போட்டுவிட்டு, சட்டியில் இருப்பது எனக்கு. அரை ரொட்டியும் சாயத்தண்ணியும் என்றால் அதுவும் போதும் என்று இருந்தேன். ஒக்டோபரில் ஒரு நாள் மலையில், கொழுந்துக் கூடையோடு கண் இருண்டு விழுந்தேன். நல்ல காலம், சரிவான இடம் இல்லை.

சிகிச்சை நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரத்தம் மிகவும் குறைவாக இருக்கிறது என்றார்கள். தாதி ஒருவர் கேட்டார், "ராத்திரிக்கு என்னா சாப்பிடுவீங்க?"

"ரொட்டி, பருப்பு, கீரை. சில நாள் முட்டை."

"வீட்டுல என்னா சமைப்பீங்கன்னு கேக்கல. நேத்து ராத்திரி நீங்க என்னா சாப்பிட்டீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. முட்டை மகளுக்கு, கீரை கடைசியில் இருக்கவில்லை. முதல் நாள் நான் சாப்பிட்டதை எண்ணிச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது. பாடசாலையில் ரொட்டியை மறைத்த அதே வெட்கம்.

அவர் இரும்புச்சத்து வில்லைகள் தந்தார். அவற்றைத் தேநீரோடு போட வேண்டாம் என்றார். சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் சாயத்தண்ணி குடிக்கக் கூடாது, அதில் உள்ள துவர்ப்பு உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்றும் விளங்கப்படுத்தினார். பகலெல்லாம் அதைத்தான் பறிக்கிறோம், இதை எனக்கு யாரும் சொன்னதில்லை! இப்போது எங்கள் வீட்டில் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் சாயத்தண்ணி. பருப்பிலும் கீரையிலும் தேசிக்காய்ப் புளி விடுகிறேன், புளி சேர்ந்தால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

சமையலையும் கொஞ்சம் மாற்றினேன். மத்தியானப் பருப்பு ஒரு அகப்பை மிஞ்சினால் அதைக் கடைந்து மாவில் போட்டுப் பிசைகிறேன். மூன்று பிடி மாவுக்கு ஒரு பிடி பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய்த் தூள். பருப்பில் ஈரம் இருப்பதால் தண்ணீரைப் பார்த்துத்தான் விட வேண்டும். ரொட்டி மெத்தென்று வரும், அடுத்த நாள் மலைக்குக் கொண்டு போனாலும் காயாது. மாவில் குறைகிற சத்தைப் பருப்பு ஈடு செய்கிறது. கறி வைக்காத நாட்களில் இதற்கு ஒரு கட்டச் சம்பல் போதும்.

எங்கள் பக்கம் மரக்கறித் தோட்டங்கள் அதிகம். முள்ளங்கி இலையையும் பீட்ரூட் இலையையும் ஒடித்துப் போட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் மூட்டை கட்டுவார்கள். கேட்டால் சும்மா தருவார்கள். பொடியாக அரிந்து வெங்காயத்தோடு வதக்கி, இறக்கும்போது தேங்காய்ப்பூ தூவினால் ஐந்து நிமிட வேலை. முட்டை இரண்டுதான் இருந்தால் அந்த வதக்கலிலேயே உடைத்து ஊற்றிக் கிளறிவிடுவேன். மூன்று பேருக்கும் வரும், யாருக்கு முட்டை என்ற கேள்வியே இல்லை. நெத்தலியும் அப்படித்தான். கழுவி வறுத்து, தலையோடு இடித்துச் செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்துப் போத்தலில் வைத்தால், பிட்டுக்கோ கஞ்சிக்கோ இரண்டு கரண்டி போதும்.

மிகவும் களைத்த நாளில் அரிசியும் பருப்பும் ஒரே பானையில், கடைசியில் கீரை. கஞ்சி என்றால் என் மகளுக்கு முன்பு பிடிக்காது. ஏன் என்று நான் கேட்டதில்லை. மூன்று வயதில் நடந்தது நினைவிருக்குமா என்றும் தெரியாது. வெங்காயம் தாளித்துப் போட்டு, இடித்த நெத்தலியும் தூவிக் கொடுத்த பிறகு குடிக்கிறாள்.

இன்னொரு மாற்றம் சமையலில் இல்லை. முன்பு மற்றவர்களுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பார்ப்பேன். இப்போது மூன்று தட்டையும் வரிசையாக வைத்து, ஒரே தடவையில் பங்கிடுகிறோம். முதல் வாரம் எனக்கு அது சரியாகவே வரவில்லை. என் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து மகளின் தட்டில் வைப்பேன். அவள் திருப்பி வைப்பாள். கடைசியில் அகப்பையை அவளே வாங்கிக்கொண்டாள். இப்போதும் பரிமாறுவது அவள்தான். எனக்கு மட்டும் அரை ரொட்டி கூடப் போடுகிறாள் என்று சித்தி புறுபுறுப்பார்.

பக்கத்துக் காம்பரா அக்கா மட்டக்களப்பிலிருந்து கல்யாணம் முடித்து வந்தவர். போன மாதத்திலிருந்து ஞாயிறு காலையில் அவருடைய மாவையும் எங்கள் பானையிலேயே அவிக்கிறோம், ஒரே விறகுச் செலவு. நீத்துப்பெட்டியின் விளிம்பு பிய்ந்துவிட்டது, சாக்கு நூலால் தைத்து வைத்திருக்கிறேன். பனை இல்லாத ஊரில் அது எங்கே கிடைக்கும்? தைப்பொங்கலுக்குக் கிளிநொச்சியிலிருந்து வரும் உறவினரிடம் இரண்டு சொல்லியிருக்கிறேன், ஒன்று அக்காவுக்கு.